மருத்துவன் கைக்கு இசைந்த ஏடு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. அவன் நோயைத் தீர்க்க வல்லவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அம்மருந்தைப் பக்கத்திலிருந்து காலம் அறிந்து ஊட்டுபவன் ஒரு கூறு. இந்நான்கனுள் ஏடு தனியே எண்ணப்படவில்லை. ஆயினும் ஏடு இல்லாத மருத்துவம் எக்காலத்தும் இருந்ததில்லை. மருத்துவனுடைய நினைவு எங்கே தளருகின்றதோ அங்கே ஏடு தொடங்குகின்றது. ஆதலின் ஏட்டினை மருத்துவன் என்னும் கூற்றினுள்ளேயே அடக்கிக் கொள்வது பொருந்தும்.

மருத்துவனுக்கு வேண்டிய ஏடு இருவகைப்படும். நோய்களின் இயல்பையும் அவற்றைத் தீர்க்கும் முறையையும் பொதுவாகக் கூறும் நூல் ஒன்று. எதிரே அமர்ந்திருக்கும் இந்த நோயாளிக்கு முன்னர் யாது நோய் வந்தது, யாது மருந்து கொடுக்கப்பட்டது, அதனால் யாது விளைந்தது என்பவற்றைக் கூறும் குறிப்பு மற்றொன்று. இவ்விரண்டும் இன்று கணினிக்குள்ளே புகுந்துகொண்டிருக்கின்றன. மருத்துவமனைகளுக்கென்று ஆக்கப்படும் மென்பொருள்கள் மருத்துவருக்குத் துணையாகின்றனவா, சுமையாகின்றனவா என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. கணினி புதிது, வினா பழையது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவ்வினா நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை உடையது. அவ்வரலாற்றை நோக்கினால் இன்றைய வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

ஆரியச் சக்கரவர்த்திகள் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் மருத்துவ நூல்கள் இரண்டு. அவை செகராசசேகரம், பரராசசேகரம் என்பன. இவற்றுட் பரராசசேகரம் ஏட்டுச் சுவடிகளிலிருந்து தொகுக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையாற் பல பாகங்களாகப் பதிப்பிக்கப்பட்டது. இந்நூல்கள் செய்யுளால் ஆனவை. நோயின் குறியும் குணமும், மருந்துச் சரக்குகளின் பெயரும் நிறையும், காய்ச்சும் பக்குவமும் யாவும் பாட்டாகவே அமைந்திருக்கக் காணலாம்.

இக்காலத்தார் சிலர் இதனை நோக்கி, மருத்துவத்துக்கும் யாப்புக்கும் என்ன உறவு என வியப்பர். உறவு உண்டு. அக்காலத்து வைத்தியர் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்கே சென்று மருத்துவஞ் செய்தனர். இரவிலே, மழையிலே, மங்கிய விளக்கொளியிலே சுவடிக் கட்டினை அவிழ்த்து ஏடு ஏடாகத் தேடுதல் இயலாது. அவருடைய ஒரு கை நாடி பார்த்துக்கொண்டிருக்கும். மறு கை நோயாளியைத் தாங்கிக்கொண்டிருக்கும். எதுகையும் மோனையும் தொடுத்துக் கொடுத்த பாட்டு ஒன்றே அந்த வேளையில் தானாக நாவில் வந்து நிற்கும். ஒரு சரக்கு விடுபட்டால் ஓசை தட்டும்; ஓசை தட்டினால் பிழை தெரியும். ஆகவே செய்யுள் அங்கே அலங்காரம் அன்று. மருத்துவன் தொழில் செய்யும் முறைக்கு இசையச் சமைக்கப்பட்ட கருவி. ஏட்டை ஆக்கியோர் வைத்தியத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்பதற்கு அதுவே சான்று.

இம்மரபு நிலவிய நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை மருத்துவம் வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் யோன் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டிலே பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவர் 1836 இல் சென்னைக்குச் சென்றார். அதற்கு முன்னரே, 1833 இல், டாக்டர் நேதன் வார்ட் யாழ்ப்பாணத்துக்கு வந்து வட்டுக்கோட்டையிற் பணிபுரியத் தொடங்கியிருந்தார். 1847 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் மருத்துவர் வந்தார். அவர் அமெரிக்க நாட்டு மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 இல் பிறந்தவர். நியூயோர்க்கிலே மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டிலே மானிப்பாயைத் தமது இடமாகக் கொண்டு மருந்துச் சாலையையும் மருத்துவ வகுப்பையும் நடத்தலானார். இலங்கை அரசினர் கொழும்பிலே மருத்துவக் கல்லூரியை 1870 இலேயே நிறுவினர் என்பதை நினைவுகூர்ந்தால், மானிப்பாய் வகுப்பின் முதுமை விளங்கும். 1850 இலே யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் என்பாரின் முயற்சியால் நகரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. அதுவே பின்னர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. அதன் தொடக்க காலப் பணியில் கிறீனும் பங்குகொண்டார்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவரும் ஓரளவு ஆங்கிலம் அறிந்தவராயிருந்தனர். ஆயினும் நாளடைவில் இரண்டு இடர்கள் புலனாயின. ஆங்கிலத்திற் கற்றுத் தேர்ந்தவர் ஊரிலே தங்கவில்லை. அரசாங்க ஊதியத்தை நாடி வேற்றிடம் சென்றனர். இது முதல் இடர். நோயாளி தன் வருத்தத்தைத் தமிழிலே கூறுகின்றான். மருத்துவனோ அதனை ஆங்கிலத்திற் சிந்தித்து, விடையை மீண்டும் தமிழிற் கூறவேண்டியவனாகின்றான். இப்படி இருமுறை பெயர்க்கும்போது பொருள் சிதைவது இயல்பு. இது இரண்டாம் இடர். ஆங்கிலக் கல்வி இளைஞரை உத்தியோகத்துக்கே ஈர்க்கின்றது என்னும் எண்ணம் அக்காலத்து மிஷன் தலைமையிடமும் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டதற்கும் அவ்வெண்ணம் ஒரு காரணமாயிற்று. ஆதலின் கிறீன் தமிழை நாடியது அவருடைய தனி விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததென்று கூறல் பொருந்தாது. ஆனால் அதற்காக அவர் ஏற்றுக்கொண்ட உழைப்பு அவருடையதே.

மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். நூல் வேண்டுமாயிற் சொல் வேண்டும். சொல் தேடுவதற்கு அந்த மண் ஏற்ற மண்ணாயிருந்தது. மிஷனின் அச்சுக்கூடம் மானிப்பாயிலே இயங்கியது. ஐம்பத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842 இல் அங்கேதான் வெளிவந்தது. அதனால் அதனை மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவர். கிறீன் தாமும் தமிழை முயன்று கற்றார்.

கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலிலே தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுக. அது கிடையாதாயின் வடமொழிச் சொல்லை எடுத்துக்கொள்க. அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக் கொள்க என்பது அவ்வொழுங்கின் சாரம். இதன் விளைவை அவருடைய நூற்பெயர்களிலேயே காணலாம். துறூயிற் என்பாரின் அறுவை மருத்துவ நூல் இரணவைத்தியம் என 1867 இல் வந்தது. கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என 1872 இல் வந்தது. ஊப்பர் என்பாரின் மருத்துவக் கைந்நூல் அதே ஆண்டில் வைத்தியாகரம் என்னும் பெயர் பெற்றது. இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் கெமிஸ்தம். அது 1875 இல் வெளிவந்தது. உடற்றொழிலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883 இல் வந்தது. பிரசவ வைத்தியம் இவற்றுக்கெல்லாம் முந்தியது.

இரணவைத்தியம் என்ற சொல்லை ஊரிலே யாவரும் அறிவர்; அங்கே புதுச்சொல் தேவைப்படவில்லை. கெமிஸ்தம் என்ற சொல்லோ ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஆக்கப்பட்டது. தூய்மை விரும்புவோர்க்கு அது உவப்பாயிராது. ஆயின் கிறீனின் நோக்கம் சொல்லின் அழகன்று. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மாணவன் அச்சொல்லைக் கேட்டவுடன் பொருளைப் பற்றிக்கொள்கின்றானா என்பதே அவருக்கு உரைகல். அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் முறை அது. புதியதொன்றைத் தொழிலாளன் கையிற் கொடுப்போர் எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. இந்நூல்கள் ஓர் அலுவலகத்திலே தனித்திருந்து எழுதப்பட்டவையல்ல. காலையில் நோயாளரைப் பார்ப்பவரும் வகுப்பு நடத்துபவரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரே. அவரிடம் பயின்று தேர்ந்த தமிழ் மருத்துவரும் மொழிபெயர்ப்பிலே துணைநின்றனர். நூலைப் பயன்படுத்துவோரே நூலை ஆக்குவோராகவும் இருந்தனர். இந்திய நாட்டு மருந்துச் சரக்குகளைக் கூறும் நூலையும் தமிழாக்க அவர் முயன்றார். கப்பலிலே வரும் மருந்து கிராமத்து வைத்தியனுக்கு எட்டாது. சந்தையிலும் வேலியோரத்திலும் கிடைப்பதையே அவன் நம்ப வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வாறு அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர் என்பர். அவருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் 1864 ஆம் ஆண்டளவிலே தொடங்கிய தமிழ் வகுப்புகளிற் கற்றவர்கள். கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884 இலே வூஸ்டரிற் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்றே தமது கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

இந்த வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிட்டால் அது வெறும் புகழுரையாகும். உண்மை இதற்கு மேலும் உண்டு. கிறீன் சென்ற சில ஆண்டுகளிலே தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றுபோயிற்று. கொழும்பிலே ஆங்கிலக் கல்லூரி இருந்தது. அரசாங்கப் பதவிக்கு ஆங்கிலமே வழியாயிற்று. அன்றியும் மருத்துவ அறிவு ஓரிடத்தில் நிற்பதன்று. கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோயின் கிருமியை 1882 இலே கண்டறிந்து வெளியிட்டார். நோயைப் பற்றிய கொள்கையே மாறத் தொடங்கிய காலம் அது. ஆங்கில நூல்கள் பதிப்புக்குப் பதிப்புத் திருத்தம் பெற்றன. கிரேயின் உடற்கூற்று நூல் இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகின்றது. மனுஷ அங்காதிபாதமோ 1872 இல் நின்ற இடத்திலேயே நின்றது. திருத்துவதற்கு ஆள் இல்லை; ஆளை வைத்திருக்க நிறுவனம் இல்லை. ஆக்கியவன் கைவிட்ட பின் தாங்குவதற்கு ஒருவரும் இல்லையாயின், மிக நல்ல கருவியும் ஒரு தலைமுறைக்குள் அரும்பொருட் சாலைக்குப் போய்விடும்.

இனி, ஏடு கணினியாக மாறிய கதைக்கு வருவோம். கிறீன் பிறந்த அதே மசாச்சுசெட்ஸ் மாநிலத்திலே, பொஸ்ரன் நகரத்து மசாச்சுசெட்ஸ் பொது மருத்துவமனையில், 1966, 1967 ஆம் ஆண்டுகளிலே மருத்துவக் குறிப்புகளைக் கையாள்வதற்கென்றே ஒரு கணினி மொழி ஆக்கப்பட்டது. அதன் பெயர் மம்ப்ஸ். ஒக்டோ பார்னெட் என்னும் மருத்துவரின் ஆய்வுக்கூடத்திலே, அவரும் பொறியியலாளரும் கூடி அதனை உருவாக்கினர். நோயாளியின் குறிப்பு கணக்கேட்டைப் போல ஒரே அளவான கட்டங்களுள் அடங்குவதன்று. ஒருவனுக்கு ஒரு வரி, மற்றொருவனுக்கு நூறு பக்கம். அதற்கு இசைய வளைந்து கொடுக்கும் முறையை அவர்கள் அமைத்தனர். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளிலே இம்மொழியைக் கொண்டு பெரியதொரு தொகுதி எழுந்தது. தலைமைச் செயலகத்தின் எதிர்ப்புக்கு இடையிலும், அங்கங்கே மருத்துவரும் நிரலாளரும் அடுத்தடுத்து அமர்ந்து, இன்று எழுதியதை நாளை பயன்படுத்திப் பார்த்து, குறை கண்டவிடத்துத் திருத்தி அதனை வளர்த்தனர். மானிப்பாய் வகுப்பறையில் நிகழ்ந்ததும் இதுவன்றோ!

எதிர்மாறான பாடமும் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் 2002 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, மருந்துக் கட்டளைகளை மருத்துவரே கணினியில் இடவேண்டும் என்னும் முறை கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லது; கையெழுத்து விளங்காமையால் நேரும் பிழைகளை ஒழிப்பது. ஆனால் ஒரு நொடியில் எழுதிய கட்டளைக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. எச்சரிக்கைகள் அளவுக்கு மீறித் தோன்றி, மருத்துவரின் கருத்தைச் சிதைத்தன. சில நூறு மருத்துவர் எதிர்த்தெழுந்தனர். 2003 ஜனவரியில் அம்முறை நிறுத்தி வைக்கப்பட்டது. நூறு முறை வீணே ஒலிக்கும் மணியை நூற்றோராம் முறை யாரும் செவிமடுப்பதில்லை. அந்த நூற்றோராம் முறையே உண்மையான ஆபத்தாகவும் இருக்கலாம்.

இலங்கையிலே நிகழ்ந்தது மற்றொரு வகை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் மருத்துவருக்கே கணினித் தகவலியலைக் கற்பிக்கும் முதுமாணிக் கல்வியைத் தொடங்கி நடத்திவருகின்றது. நோயாளரைப் பார்த்துப் பழகிய கை, நிரலையும் அறியலாயிற்று. அதன் பயன் 2020 இலே வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 27 ஆந் திகதி இலங்கையில் முதலாவது கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்நாட்களிலேயே, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் வளர்க்கப்பட்டு யாவருக்கும் இலவசமாக வழங்கப்படும் டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளைக் கொண்டு, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிந்து தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பு ஒன்று சுகாதார அமைச்சுக்காக இலங்கையரால் விரைவில் ஆக்கப்பட்டது. பின்னர் பல நாடுகள் அதனை முன்மாதிரியாகக் கொண்டன. வெளியிலிருந்து வாங்கி வந்து பொருத்தும் பொருளாயிருந்தால் அவ்விரைவு கூடியிராது. தொழிலறிந்தவர் நாட்டுக்குள்ளேயே இருந்தமையாற் கூடிற்று.

இவையெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு உணர்த்துவது யாது? குடாநாட்டின் மருத்துவமனை வாயிலிலே காலையில் வரிசையாக அமர்ந்திருப்போர் கையை நோக்குக. பெரும்பாலோர் கையில் ஒரு கொப்பி இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதே கொப்பி. பல ஆண்டு நோயும் மருந்தும் அதிலே அடங்கியிருக்கும். மருத்துவர் அதனை வாங்கி இரண்டு தாளைப் புரட்டிய மாத்திரத்தில் சென்ற முறை நடந்ததை அறிவார்; நோயாளியின் முகத்தை நோக்கிக் கொண்டே இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். வேறு வைத்தியசாலைக்குச் சென்றாலும் கொப்பி கூடவே செல்லும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. 1990 முதற் பல ஆண்டுகள் பொது மின்சாரமின்றி வாழ்ந்த மண் இது. 2022 இன் நெருக்கடியிலே நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும் மக்கள் கண்டிருக்கின்றனர்.

கொப்பிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. அது தொலையும்; மழையில் நனையும்; ஒரு மாவட்டத்தில் ஒரு நோய் பெருகுவதை அதனாற் காட்ட இயலாது; ஒவ்வாத இரு மருந்துகள் சேர்வதைத் தடுத்துச் சொல்லவும் இயலாது. இவற்றைச் செய்யக் கணினி வேண்டும். ஆனால் கணினியைக் கொண்டுவருவோர், கொப்பி செய்யும் நன்மைகளை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே பார்வையில் முழுக்கதையும் தெரிதல், நோயாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுத இயலுதல், எங்கும் உடன் செல்லுதல், இருளிலும் பயன்படுதல் ஆகிய இந்நான்கிலும் கொப்பிக்குத் தாழ்ந்த மென்பொருளை மருத்துவர் மனமுவந்து ஏற்கார். ஏற்கச் செய்தாலும், கணினியில் ஒரு முறையும் கொப்பியில் ஒரு முறையுமாக இருமுறை எழுதி வருந்துவர். அந்த வருத்தத்தின் விலையைக் கொடுப்பவர் வரிசையின் கடைசியிற் காத்திருக்கும் நோயாளியே.

மொழியும் அவ்வாறே. மருத்துவர் தம் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகின்றார். நோயாளி தமிழிலே பேசுகின்றார். மருத்துவருக்குரிய திரை அவருக்குப் பழகிய சொல்லில் இருக்கட்டும். நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துச் சீட்டு, எத்தனை வேளை, உணவுக்கு முன்னோ பின்னோ என்பதைத் தெளிந்த தமிழிற் கூறட்டும். இரண்டையும் ஒரே நேரத்திற் செய்யும் ஆற்றல் கிறீனின் அச்சுக்கூடத்துக்கு இருக்கவில்லை, கணினிக்கு உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தேடித் தொகுத்த கலைச்சொற்கள் இங்கே மீண்டும் உதவக்கூடும். அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆகிவிட்டது. எனினும் ஊர் வழக்கிலிருந்து தொடங்குக என்னும் அவருடைய ஒழுங்கு பழமைப்படவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1978 முதல் மருத்துவ பீடம் இயங்குகின்றது. கணினி கற்பிக்கும் துறைகளும் அதே பல்கலைக்கழகத்தில் உள்ளன. மருத்துவ மாணவனும் நிரல் எழுதும் மாணவனும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். நிரல் எழுதுபவன் ஒரு கிழமையாயினும் வெளிநோயாளர் பகுதியில் மருத்துவர் அருகே அமர்ந்திருந்து பார்க்கட்டும். எத்தனை முறை மருத்துவர் இடையில் அழைக்கப்படுகின்றார், எத்தனை முறை விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகின்றார் என்பதைக் கண்ணாற் காணட்டும். பின்னர் எழுதட்டும். எழுதியதை ஆண்டுதோறும் திருத்துவதற்கு ஆளும் பொருளும் நிறுவனமும் உண்டாவென்று முதலிலேயே கேட்கட்டும். முன்னதைச் செய்தமையால் மானிப்பாய் நூல்கள் எழுந்தன. பின்னதற்கு வழி இல்லாமையால் அவை மறைந்தன. மானிப்பாயிலே கிறீன் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது. அவருடைய நூல்களைக் காண விரும்புவோர் நூலகங்களின் பழைய அடுக்குகளிலேதான் தேடல் வேண்டும்.